கடைத்தெருவும் மதரஸாவும்

(நமது ஜமாஅத் மதரஸாவின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

  

சென்ற ஆண்டு நமது பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டபோது ஓர் இளைஞர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். மதரஸாவில் ஓதுபவர்கள் சிலர். அதற்கு ஆகும் செலவோ ஊரார் அனைவருடைய பொருள். இந்த மதரஸாவினால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்டார். பெரியவர்கள் சிலர் அவரைக் கடிந்து உட்கார வைத்துவிட்டார்கள். நாமும் அன்று வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், உடனே சொல்வதற்கு நம்மிடம் செம்மையான பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வி ஓராண்டு காலமாக நம்முடைய உள்ளத்தைக் குடைந்து கொண்டே இருந்தது. கேட்டது தவறன்று, கேட்டவரை அடக்கியதே தவறு. எனவே இவ்வாண்டு நமக்குத் தரப்பட்டுள்ள இந்த நேரத்தை அக்கேள்விக்கு விடை தேடவே பயன்படுத்திக் கொள்ள விரும்புகின்றோம்.

மதரஸா என்றால் நான்கு சுவர்களுக்குள் கிதாபை விரித்து வைத்துக்கொண்டு சிலர் ஓதும் இடம், ஊரின் ஓட்டத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் இன்று பரவலாக உள்ளது. ஆனால் மதரஸா என்ற அமைப்பு வேரூன்றி வளர்ந்த நகரங்களின் வரலாற்றைப் புரட்டினால் நாம் காண்பது வேறு காட்சி. பக்தாதிலும், டமாஸ்கஸிலும், கெய்ரோவிலும் மதரஸா கடைத்தெருவின் நடுவே நின்றது. கடைத்தெரு அதற்குச் சோறு போட்டது. அது கடைத்தெருவுக்கு நீதியையும், நம்பிக்கையையும், கல்வியையும் தந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நேர்மையாக நடந்த காலமெல்லாம் இரண்டும் செழித்தன. அது கெட்டபோது இரண்டும் கெட்டன.

பக்தாதில் ஒரு திறப்பு விழா

தொடக்க காலத்தில் கல்வி பள்ளிவாசலிலேயே நடைபெற்றது. தூணோரம் ஆசிரியர் அமர்வார். மாணவர்கள் வட்டமாகச் சூழ்ந்து அமர்வார்கள். உள்ளூர் மாணவர் பாடம் முடிந்ததும் வீடு திரும்பிவிடுவார். பல நாள் பயணம் செய்து வந்த வெளியூர் மாணவர் எங்கே தங்குவார்? எதை உண்பார்? இந்தத் தேவைதான் முதலில் பள்ளிவாசலை ஒட்டிய தங்கும் விடுதிகளையும், பின்னர் தங்குமிடமும் பாடசாலையும் உணவும் ஒரே இடத்தில் அமைந்த மதரஸாக்களையும் தோற்றுவித்தது.

ஸல்ஜூக் அரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க் பக்தாதில் கட்டிய நிஜாமிய்யா மதரஸாவின் பணி ஹிஜ்ரி 457 (கி.பி. 1065) இல் தொடங்கி, ஹிஜ்ரி 459 (கி.பி. 1067) இல் நிறைவுற்றது. தலைமை ஆசிரியராக அழைக்கப்பட்டவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் அபூ இஸ்ஹாக் ஷீராஸி (ரஹ்) அவர்கள். 'அல்முஹத்தப்', 'அத்தன்பீஹ்' ஆகிய நூல்களின் ஆசிரியர் என்று உலமாக்கள் அவர்களை நன்கு அறிவார்கள். திறப்பு நாளன்று நகரத்தின் பெருமக்கள் யாவரும் கூடிக் காத்திருந்தனர். இமாம் வரவே இல்லை.

என்ன நடந்தது? மதரஸாவுக்கு வரும் வழியில் ஓர் இளைஞர் அவர்களை மறித்து, பறிக்கப்பட்ட இடத்தில் தாங்கள் எவ்வாறு பாடம் நடத்துவீர்கள் என்று கேட்டுவிட்டாராம். அக்கட்டிடத்திற்கான பொருள்களில் பல உரியவர்களிடமிருந்து முறைகேடாக எடுக்கப்பட்டவை என்ற பேச்சு ஊரில் இருந்தது. இமாம் அவர்கள் அப்படியே திரும்பிவிட்டார்கள். கூடியிருந்தவர்கள் காத்திருந்து அலுத்து, இப்னுஸ் ஸப்பாக் (ரஹ்) அவர்களை ஆசிரியர் இருக்கையில் அமர வைத்தார்கள். அவர்கள் இருபது நாள் பாடம் நடத்தினார்கள். பின்னர் பலருடைய வற்புறுத்தலின் பேரில் இமாம் ஷீராஸி அவர்கள் பொறுப்பை ஏற்றார்கள். ஆயினும் தொழுகை நேரம் வந்தால் மதரஸாவிலிருந்து வெளியேறி வேறொரு பள்ளியில் சென்று தொழுதுவிட்டு வருவார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துள்ளார்கள்.

சகோதரர்களே! இந்நிகழ்ச்சியை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். நாடாளும் அமைச்சர் கட்டிய மதரஸா. அதைப் பற்றி ஓர் இளைஞர் தெருவில் நின்று கேள்வி கேட்கின்றார். அக்காலத்தின் மிகப் பெரிய ஆலிம் அவரைக் கடிந்து உட்கார வைக்கவில்லை. அக்கேள்விக்கு மதிப்பளித்துத் திரும்பி நடந்தார்கள். மதரஸாவின் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்பது ஊராரின் உரிமை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதே நிஜாமிய்யாவில்தான் ஹிஜ்ரி 484 (கி.பி. 1091) இல் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஆசிரியர் பொறுப்பேற்றார்கள். அப்போது அவர்களுக்கு வயது முப்பத்து மூன்று அளவில்தான். பக்தாதில் முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நிலையில் தாம் இருந்ததை அவர்களே தமது வரலாற்றில் குறிப்பிடுகின்றார்கள். நான்கு ஆண்டுகளில், தமது எண்ணம் தூய்மையானதா என்ற அச்சத்தினால் அந்த உயர் பதவியை உதறிவிட்டு வெளியேறினார்கள். கட்டிடத்தின் பொருள் தூய்மையாக இருக்க வேண்டும் என்று ஒருவர் அஞ்சினார்கள். கற்பிப்பவரின் உள்ளம் தூய்மையாக இருக்க வேண்டும் என்று மற்றொருவர் அஞ்சினார்கள். ஒரே மதரஸா நமக்கு இரு பாடங்களையும் தந்துவிட்டது.

ஹிஜ்ரி 727 (கி.பி. 1327) இல் பக்தாதுக்கு வந்த பயணி இப்னு பதூதா, நிஜாமிய்யா மதரஸா செவ்வாய்ச் சந்தை எனப்படும் கடைத்தெருவின் நடுவில் இருந்ததாக எழுதுகின்றார். அதே கடைத்தெருவின் முடிவில் முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவைக் கண்டதாகவும் கூறுகின்றார். கலீஃபா முஸ்தன்ஸிர் ஹிஜ்ரி 625 (கி.பி. 1227) இல் தொடங்கி ஹிஜ்ரி 631 (கி.பி. 1234) இல் திறந்து வைத்த மதரஸா அது. நான்கு மத்ஹபுகளுக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் அளிக்கப்பட்டது. மத்ஹபுக்கு 62 பேர் வீதம் 248 மாணவர்கள். குர்ஆன் ஓதுவதற்கு 30 அநாதைச் சிறுவர்கள். ஹதீஸுக்குப் பத்துப் பேர். மருத்துவம் பயிலப் பத்துப் பேர் என்று வகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு மத்ஹபின் ஆசிரியரும் சிறிய மரக் குவிமாடத்தின் கீழ் அமர்ந்திருப்பார் என்றும், அவருக்கு வலப்புறமும் இடப்புறமும் அமர்ந்த இரு துணையாசிரியர்கள் அவர் சொல்வதைத் திரும்பச் சொல்வார்கள் என்றும் இப்னு பதூதா வர்ணிக்கின்றார். மாணவர்களுக்கெனக் குளியலறையும் ஒளூச் செய்யும் இடமும் உள்ளேயே இருந்தன.

கி.பி. 1258 இல் மங்கோலியர் படையெடுப்பில் பக்தாத் நகரம் சூறையாடப்பட்டது. கலீஃபாவின் ஆட்சி முடிந்தது. ஆனால் முஸ்தன்ஸிரிய்யாவில் பாடங்கள் மீண்டும் தொடங்கின. அரசு வீழ்ந்த பின்னும் மதரஸா எழுந்து நின்றதற்குக் காரணம் என்ன? அதற்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட சொத்து இருந்தது. அதைத் தேடி வரும் மாணவர்களும் இருந்தார்கள்.

ஒரு வணிகர் போட்ட ரொட்டி

வக்ஃப் என்றால் என்ன என்பதை இச்சபைக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பொருளை விற்கவோ, பிறருக்குக் கொடுக்கவோ, வாரிசு முறையில் பங்கிடவோ இயலாதபடி நிறுத்தி வைத்து, அதன் வருவாயை மட்டும் நற்காரியத்திற்குச் செலவிடுவதே வக்ஃப். அக்கால நகரங்களில் மதரஸா கட்ட விரும்புபவர் கட்டிடத்தை மட்டும் எழுப்பிவிட்டு ஒதுங்கிவிட மாட்டார். கடைகள், குளியல் கூடங்கள், வணிகர் தங்கும் சத்திரங்கள், ஊருக்கு வெளியே விளைநிலங்கள், தோட்டங்கள் ஆகியவற்றை அதற்கென எழுதி வைப்பார். அந்த வக்ஃப் பத்திரத்தில் ஆசிரியருக்கு எவ்வளவு, மாணவருக்கு எவ்வளவு, விளக்கேற்றுபவருக்கும் வாயிற்காவலருக்கும் கூட்டித் துடைப்பவருக்கும் எவ்வளவு என்பவை தெளிவாக எழுதப்பட்டிருக்கும். முதலில் கட்டிடப் பழுதைச் செப்பனிட வேண்டும், பிறகே சம்பளம் என்ற ஒழுங்கும் பெரும்பாலும் அதில் இருக்கும்.

இதன் விளைவாக, கடைத்தெருவில் துணி விற்பவர் கொடுத்த வாடகை ஃபிக்ஹ் ஓதும் மாணவருக்கு ரொட்டியாக மாறியது. அந்த ரொட்டியைச் சுட்டவருக்கும், விளக்குக்கு எண்ணெய் விற்றவருக்கும், காகிதம் விற்றவருக்கும், கிதாபுகளைப் படியெடுத்து எழுதியவருக்கும், அவற்றுக்குக் கட்டடம் கட்டியவருக்கும் மதரஸாவினால் பிழைப்பு நடந்தது. கடைத்தெருவில் புறப்பட்ட பொருள் மதரஸா வழியாகச் சுற்றி மீண்டும் கடைத்தெருவுக்கே வந்து சேர்ந்தது.

இவ்வுறவு எத்தகைய பலனைத் தரும் என்பதற்கு டமாஸ்கஸ் நகரம் ஓர் அரிய சான்று. கி.பி. 1184 இல் அந்நகருக்கு வந்த அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர், அங்கே இருபது அளவில் மதரஸாக்கள் இருப்பதாக எழுதுகின்றார். கல்வியை நாடுவோர் உணவைப் பற்றிய கவலையின்றி ஓத வாய்ப்புள்ள நகரம் இது என்று கூறி, தமது நாட்டு இளைஞர்களை இங்கே புறப்பட்டு வருமாறு தூண்டுகின்றார்.

பிற்காலத்தில் அந்நகரில் இப்னு ரவாஹா என்று அழைக்கப்பட்ட ஒரு வணிகர் இருந்தார். அவர் அரசருமல்லர், அமைச்சருமல்லர். செல்வம் படைத்த வியாபாரி, அவ்வளவுதான். ஹிஜ்ரி 622 (கி.பி. 1225) இல் இறந்துபோன அவர் தமது பொருளில் ஒரு மதரஸாவைக் கட்டி வைத்துச் சென்றார். அது ரவாஹிய்யா என்று பெயர் பெற்றது. அவர் மறைந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 649 (கி.பி. 1251) இல், நவா என்ற சிற்றூரிலிருந்து ஓர் இளைஞரை அவருடைய தந்தையார் டமாஸ்கஸுக்கு அழைத்து வந்தார். இளைஞருக்கு ரவாஹிய்யாவில் இடம் கிடைத்தது. அங்கே வழங்கப்பட்ட அன்றாடப் படியையே உணவாகக் கொண்டு, படுக்கையில் விலாவைச் சாய்க்காமல் இரண்டாண்டு காலம் ஓதினார். அந்த இளைஞர்தான் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' தந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள்!

இன்று நம்முடைய பள்ளியில் அஸருக்குப் பின் ரியாளுஸ் ஸாலிஹீன் வாசிக்கின்றோம். நம் மதரஸாக்களில் ஷாஃபிஈ ஃபிக்ஹ் ஓதுபவர்கள் அவர்களது 'மின்ஹாஜ்' நூலின் நிழலில் நின்றே ஓதுகின்றார்கள். இத்தனை நன்மையிலும் டமாஸ்கஸ் வணிகர் ஒருவருடைய ரொட்டிக்குப் பங்கு இருக்கின்றது. மனிதன் இறந்த பின்னும் அறுபடாத நன்மைகள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியவற்றுள் நிலையான தருமமும் பயன் தரும் கல்வியும் இருப்பதை நாம் அறிவோம். ரவாஹிய்யாவில் அவ்விரண்டும் ஒன்றாகக் கை கோத்தன. தம்முடைய மதரஸாவில் யார் வந்து ஓதப் போகின்றார்கள் என்று அந்த வணிகர் அறிந்திருக்கவே முடியாது.

ஊருக்குக் கிடைத்தவை

இனி, இளைஞரின் கேள்விக்கு வருவோம். இந்த மதரஸாக்களினால் நகரத்திற்கு என்ன கிடைத்தது?

முதலாவதாக, வணிகம் நடைபெறுவதற்கு வேண்டிய நம்பிக்கை கிடைத்தது. விற்பனை, கடன், வாடகை, திருமணம், மஹர், பாகப்பிரிவினை ஆகிய அனைத்தையும் எழுதுவதற்கும் சாட்சி நிற்பதற்கும் சட்டம் அறிந்த நேர்மையாளர்கள் தேவை. கடைத்தெருவிலேயே அமர்ந்து இப்பணியைச் செய்த சாட்சியாளர்களையும், வழக்குத் தீர்த்த காழிகளையும் மதரஸாக்களே உருவாக்கின. நிறுவையும் அளவையும் சரிபார்த்த சந்தை அதிகாரியாகிய முஹ்தஸிபும் மார்க்கச் சட்டம் அறிந்தவராகவே இருக்க வேண்டியிருந்தது. கெய்ரோவில் சுல்தான் ஸாலிஹ் அய்யூப் 1240களில் கட்டிய ஸாலிஹிய்யா மதரஸாவில் நான்கு மத்ஹபுகளும் கற்பிக்கப்பட்டன. ஹிஜ்ரி 663 (கி.பி. 1265) இல் சுல்தான் பைபர்ஸ் மத்ஹபுக்கு ஒருவராக நான்கு தலைமைக் காழிகளை நியமித்த பின்னர், அதே மதரஸா வழக்குகள் தீர்க்கப்படும் இடமாகவும் விளங்கியது. பாடம் நடந்த கூடத்திலேயே நியாயமும் நடந்தது.

இரண்டாவதாக, ஆதரவற்றோருக்குக் கல்வியும், வழிப்போக்கருக்குத் தண்ணீரும் கிடைத்தன. மம்லூக் சுல்தான்களின் காலத்துக் கெய்ரோவில் கீழே தண்ணீர்ப் பந்தல், மேலே அநாதைக் குழந்தைகள் குர்ஆன் ஓதும் மக்தப் என்று அமைப்பது பெருவழக்காயிற்று. பெரிய மதரஸாக்களோடு இவையும் சேர்த்தே கட்டப்பட்டன. வெயிலில் களைத்து வருபவர் நீர் அருந்தும் போதே மாடியில் சிறுவர்கள் ஓதும் ஓசை அவர் செவியில் விழும். சுல்தான் ஹஸன் கட்டிய மாபெரும் மதரஸாவின் மினாரா ஒன்று கி.பி. 1361 இல் இடிந்து விழுந்தபோது, கீழிருந்த மக்தபின் அநாதைக் குழந்தைகள் உட்பட ஏறத்தாழ முந்நூறு பேர் உயிரிழந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகின்றார். நெஞ்சை உலுக்கும் துயரம் அது. எத்தனை அநாதைகள் அங்கே ஓதி வந்தார்கள் என்பதும் அத்துயரத்தின் வாயிலாகவே நமக்குத் தெரிய வருகின்றது.

மூன்றாவதாக, முழு நேர மாணவர் அல்லாதவருக்கும் கல்வியின் வாயில் திறந்திருந்தது. ஹதீஸ் வாசிக்கப்படும் சபைகளில் யார் யார் அமர்ந்து கேட்டார்கள் என்று ஏட்டின் ஓரத்திலும் இறுதியிலும் பெயர்களைக் குறித்து வைப்பது அக்கால வழக்கம். டமாஸ்கஸின் அத்தகைய குறிப்புகள் ஏராளமாக இன்றும் எஞ்சியுள்ளன. அவற்றில் பெரிய ஆலிம்களின் பெயர்களுக்கு அருகிலேயே கைத்தொழில் செய்வோர், வணிகர், சிறுவர், அடிமைகள் ஆகியோரின் பெயர்களும் காணப்படுகின்றன. கடையைச் சாத்திவிட்டு வந்து ஒரு மணி நேரம் ஹதீஸ் கேட்டுச் செல்வது அம்மக்களின் வாழ்க்கையில் ஒரு பகுதியாக இருந்தது.

தாய்மார்களே! உங்களுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் சகோதரி சித்துஷ் ஷாம் அம்மையார் டமாஸ்கஸில் நிறுவிய மதரஸாக்கள் ஷாமிய்யா என்ற பெயரில் புகழ் பெற்றன. ஹதீஸ் கலை மேதை இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் பாடம் நடத்திய இடங்களுள் அதுவும் ஒன்று. அதே நகரில் ஹிஜ்ரி 740 (கி.பி. 1339) இல் தொண்ணூறு வயதைக் கடந்து மறைந்த ஸைனப் பின்த் அல்கமால் அம்மையாரிடம் ஹதீஸ் கேட்க ஆண்களும் பெண்களும் திரண்டு வந்தார்கள். மதரஸாவில் ஊதியம் பெறும் ஆசிரியர் பதவி பெண்களுக்கு அளிக்கப்படவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் பொருளால் மதரஸாவைத் தாங்கியவர்களாகவும், அறிவால் ஹதீஸைத் தாங்கியவர்களாகவும் அவர்கள் இருந்தார்கள்.

நான்காவதாக, அதிகாரத்தின் முன் ஊருக்காகப் பேசும் நாவு கிடைத்தது. இமாம் நவவி அவர்கள் பின்னாளில் டமாஸ்கஸின் அஷ்ரஃபிய்யா ஹதீஸ் கல்லூரிக்குத் தலைவரானார்கள். அந்நகர மக்களின் தோட்டங்களும் நிலங்களும் அரசின் பிடிக்குள் கொண்டு வரப்பட்டபோது, சுல்தான் பைபர்ஸுக்கு அதைக் கண்டித்துக் கடிதங்கள் எழுதினார்கள். அவர்களது மாணவர் இப்னுல் அத்தார் எழுதிய வரலாற்றில் அக்கடிதங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. வணிகரின் ரொட்டியைத் தின்று ஓதியவர், அவ்வூர் மக்களின் நிலத்திற்காக மன்னரிடம் வாதாடினார்கள்! ஊர் செய்த உதவிக்கு மதரஸா செலுத்திய நன்றிக்கடன் அது.

கெட்டது எவ்வாறு?

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் நாம் நீதி செய்தவர்களாக மாட்டோம். அவ்வமைப்பில் புகுந்த குறைகளையும் அக்காலத்து அறிஞர்களே மறைக்காமல் எழுதியுள்ளார்கள்.

கெய்ரோவில் மதரஸாக்கள் பெருகியதற்கான காரணத்தை இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வில் விளக்குகின்றார். அமீர்கள் தமக்குப் பின் தம் சொத்துகளை அரசு பறித்துக்கொள்ளும் என்று அஞ்சினார்கள். எனவே மதரஸா கட்டி வக்ஃப் எழுதி, அதன் பொறுப்பில் தம் பிள்ளைகளை அமர்த்தினார்கள் என்கின்றார். நற்கூலியை நாடும் எண்ணமும் அவர்களிடம் இருந்தது என்பதையும் அவர் மறுக்கவில்லை. இதை எழுதியவர் வெளியிலிருந்து குறை சொன்னவரும் அல்லர். கெய்ரோவின் கம்ஹிய்யா மதரஸாவில் அவரே ஆசிரியராகப் பணியாற்றினார். வக்ஃப் நிலத்தில் விளைந்த கோதுமை அங்கே பகிர்ந்தளிக்கப்பட்டதால், கோதுமையின் பெயராலேயே அந்த மதரஸா அழைக்கப்பட்டது.

சொத்தைக் காக்க வந்த வக்ஃபையே விழுங்குபவர்களும் தோன்றினார்கள். கெய்ரோவில் ஜமாலுத்தீன் என்ற செல்வாக்கு மிக்க அமீர் கையாண்ட தந்திரத்தை மக்ரீஸி பதிவு செய்துள்ளார். அவர் ஒரு வக்ஃப் கட்டிடத்தின் மீது கண் வைத்தால், அது பழுதடைந்து அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் இடையூறாக உள்ளது என்று இரண்டு சாட்சிகள் வந்து சொல்வார்கள். அதை மாற்றிக் கொள்ளலாம் என்று ஒரு காழி தீர்ப்பளிப்பார். வக்ஃப் கை மாறிவிடும். இத்தகைய அமீர் ஹிஜ்ரி 811 (கி.பி. 1408) அளவில் தாமும் ஓர் அழகிய மதரஸாவைக் கட்டி முடித்தார். அடுத்த ஆண்டிலேயே சுல்தானின் கோபத்திற்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அவரது மதரஸாவைச் சுல்தான் தம்முடையதாக்கிக் கொண்டு, அதிலிருந்து அவரது பெயரையும் நீக்கினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பொய்ச் சாட்சி சொன்னவர்களும், தீர்ப்பளித்தவரும் எங்கே ஓதினார்கள்? அவர்களும் மதரஸாக்களில் ஓதி வந்தவர்களே! எனவே குற்றம் செல்வந்தருடையது மட்டுமன்று. நம்மைப் போன்று ஓதியவர்களின் குற்றமும் அதில் கலந்துள்ளது. ஹிஜ்ரி 771 இல் மறைந்த இமாம் தாஜுத்தீன் சுப்கி (ரஹ்) அவர்கள், ஒரு நூலிலிருந்து இரண்டு மூன்று வரிகளை மனனம் செய்து வந்து ஒப்பித்துவிட்டு எழுந்து போகும் மதரஸா ஆசிரியர்களை மிகக் கடுமையாகச் சாடுகின்றார்கள். அந்த வரிகளைப் படிக்கும்போது நமக்கு மேனி நடுங்குகின்றது. மாதச் சம்பளம் வாங்கும் நம்முடைய கை அதன் பிறகு சற்றுத் தயங்கவே செய்கின்றது.

இமாம் நவவி அவர்களைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. டமாஸ்கஸ் பழத்தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற நகரம். ஆனால் அவர்கள் அந்நகரின் பழங்களை உண்பதில்லை. காரணம் கேட்கப்பட்டபோது, அத்தோட்டங்களில் வக்ஃப் சொத்துகளும், அநாதைகள் போன்ற தம் சொத்தைத் தாமே ஆள இயலாதவர்களின் உடைமைகளும் மிகுதியாக இருப்பதையும், அவை முறைப்படி நிர்வகிக்கப்படுகின்றனவா என்ற ஐயத்தையும் எடுத்துரைத்தார்கள். வக்ஃபின் பொருளில் ஒரு பழத்தளவும் தவறிச் சேர்ந்துவிடக் கூடாது என்ற பேணுதல் அது. அந்தப் பேணுதல் இருந்த வரை மதரஸாக்கள் வாழ்ந்தன.

நம்முடைய பதில்

அருமைச் சகோதரர்களே! கேள்வி கேட்ட அந்த இளைஞர் இன்றும் இச்சபையில் அமர்ந்திருக்கின்றார். அவருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: மதரஸாவினால் ஊருக்குப் பயன் உண்டு, ஆனால் அது தானாக விளைவதன்று. மதரஸா ஊரை நோக்கித் தன் கதவைத் திறக்க வேண்டும். ஊர் மதரஸாவின் வக்ஃபைத் தூய்மையாகக் காக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த இளைஞரின் கேள்வியே வென்றுவிடும்.

முதலில் நம் பக்கத்துக் குறையைச் சொல்லிவிடுகின்றோம். மக்ரிபுக்குப் பின் நமது மதரஸாவின் கதவு பூட்டப்படுகின்றது. கடை வைத்திருப்பவரும், கூலி வேலை செய்பவரும், கல்லூரிக்குச் செல்பவரும் வந்து ஒரு சட்டம் கேட்பதற்கு அங்கே ஆளில்லை. இது நம்முடைய சோம்பலேயன்றி வேறில்லை. இன்ஷா அல்லாஹ், வாரத்தில் ஓரிரவு இஷாவுக்குப் பின் மதரஸா திறந்திருக்கும். வியாபாரச் சட்டங்கள், கடன், வாடகை, ஜகாத், பாகப்பிரிவினை ஆகியவை பற்றிப் பாடம் நடைபெறும். யாரும் வரலாம், எதையும் கேட்கலாம். இதற்கெனத் தனிச் சம்பளம் எதுவும் வேண்டியதில்லை.

அடுத்து உங்கள் பக்கம். மதரஸாவுக்கென நம் முன்னோர் எழுதி வைத்த கடைகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் வாடகை, வெளியில் அதே அளவுக் கடைக்குக் கொடுக்கப்படும் வாடகையைவிட மிகக் குறைவு. நெடுங்காலமாக இருந்து வருகின்றோம், பெரியவர்கள் காலத்தில் பேசியது என்று காரணம் சொல்லப்படுகின்றது. யாரையும் பெயர் குறித்துச் சொல்வது நம் நோக்கமன்று. குறைத்துக் கொடுப்பவர்களில் நமக்கு மிக வேண்டியவர்களும் உண்டு. ஆனால் அந்தக் குறைவு முதவல்லியின் சட்டைப்பையிலிருந்து போகவில்லை, ஜமாஅத்தின் பொதுப் பணத்திலிருந்தும் போகவில்லை. ஓத வந்திருக்கும் பிள்ளையின் தட்டிலிருந்து போகின்றது. அதை எண்ணிப் பார்த்து, அடுத்த பொதுக்குழுவுக்கு முன் நியாயமான வாடகையைத் தாமாகவே முன்வந்து பேசித் தீர்க்குமாறு அன்போடு வேண்டுகின்றோம்.

நாம் ஓதிய காலத்தில் ஊர் வீடுகளிலிருந்து மாணவர்களுக்கு முறை வைத்துச் சோறு வரும். ஒரு வீட்டிலிருந்து எப்போதும் சோறு சற்றுத் தாமதமாகவே வரும். பசியில் நாங்கள் முணுமுணுத்ததுண்டு. அவ்வீட்டுக்காரர் வண்டி இழுக்கும் தொழிலாளி என்பதும், மாலையில் கூலி வந்த பிறகே அவ்வீட்டில் உலை ஏறும் என்பதும், முதல் கவளம் எங்களுக்கு அனுப்பப்பட்ட பின்னரே அவருடைய பிள்ளைகள் உண்பார்கள் என்பதும் பின்னாளில் தெரிய வந்தன. அன்று முதல் கிதாபை விரிக்கும்போதெல்லாம் அந்த வீட்டின் நினைவு வந்துவிடுகின்றது. அச்சோற்றுக்கு உரிய கடனை நாம் இன்னும் தீர்க்கவில்லை. அவ்வீட்டார் ரவாஹிய்யாவின் வணிகரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவரோடு ஒரே வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் முன்னோர் உனக்காக விட்டுச் சென்ற வக்ஃபுகளை எங்கள் கையால் பாழாக்கிவிடாதே! ஓதும் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வாயாக! அவர்களுக்கு உணவளிக்கும் இல்லங்களில் பரக்கத் செய்வாயாக! கற்பிக்கும் எங்களுக்குத் தூய எண்ணத்தையும், கேள்வி கேட்கும் இளைஞர்களுக்குத் துணிவையும், பதில் சொல்லும் பெரியவர்களுக்குப் பொறுமையையும் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.